ஏழாவது மாடிக் குளிர்காலம்

"மீன் எங்க?"

ஃபிரிட்ஜைத் திறந்த உர்சுலாவுக்கு முன்னால் மூன்று பூந்தொட்டிகள் உட்கார்ந்திருந்தன.

"சிங்க்ல," என்றான் அவள் கணவன் லாசரஸ். "வால்ஃப்ளவர் செடிக்கு ஒரு மாசம் குளிர் வேணுமாம். விதை பாக்கெட்ல போட்டிருக்கு."

"மீனுக்கு வேணாமா?"

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் அந்த ஏழாவது மாடி வீட்டில் ஆறு மாதமாக இதே கூத்துதான். ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டரான லாசரஸுக்கு ஒரு பிரெஞ்சு மாலுமி விதை கொடுத்திருந்தான். வசந்தம் வந்தால் தங்கள் ஊர்த் தோட்டமெல்லாம் இந்தப் பூவால் மஞ்சளும் சிவப்புமாக இருக்குமாம். அவர்கள் கோயிலின் எத்தியேன் ஃபாதருக்கும் அதே ஊர். உர்சுலாவின் அப்பா பெண் தரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டபோது, மூன்று மாதம் நடையாய் நடந்து இவர்கள் கல்யாணத்தை முடித்து வைத்த மனிதர்.

அவர் குருவாகி இருபத்தைந்து வருஷம். ஈஸ்டருக்கு மறுநாள் விருந்துக்கு வருகிறார். "ஒரு சர்ப்ரைஸ் இருக்கு ஃபாதர்!" என்று கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான் லாசரஸ். அந்த நன்றிக்கடனுக்கு வேறு என்னதான் கொடுப்பது?

செடிகள் வளர்ந்தன, ஊர் வெக்கையில் பூக்கவில்லை. மேசை விசிறியைப் போட்டான், இலை காய்ந்தது. காப்பிக்கடை ஐஸைக் கொட்டினான். வேர் அழுகியது, கீழ்மாடிச் சீன அம்மாவின் துணியும் நனைந்தது. பன்னிரண்டில் மிஞ்சிய மூன்றுதான் ஃபிரிட்ஜில் குடியேறின.

ஈஸ்டரன்று அவையும் தலை தொங்கிவிட்டன. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் உர்சுலாவுக்கு மனசு இளகிவிட்டது. மகளின் கைவேலைக் காகிதத்தைப் பூவிதழாகக் கத்தரித்துக் கம்பியில் சுற்றித் தொட்டியில் நட்டாள். லாசரஸ் தன் பங்குக்கு செண்ட் அடித்தான்.

"போதுங்க! இது பூவா, கல்யாண மாப்பிள்ளையா?"

மறுநாள் ஃபாதர் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வந்து, ஒரு விரலால் இதழைத் தொட்டார். அது சரசரத்தது.

லாசரஸின் முகம் செத்துவிட்டது. "காகிதம், ஃபாதர். நிஜப் பூ வரல. மன்னிச்சிருங்க."

ஃபாதர் நாற்காலியை இழுத்துப் பூவுக்குப் பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்தார்.

"நல்ல வேளைப்பா! இந்தப் பூ கிட்ட வந்தாலே எனக்குத் தும்மல் நிக்காது. இது பூக்காத ஊரா பாத்து அனுப்புங்கன்னு கேட்டுத்தானே நான் சிங்கப்பூருக்கே வந்தேன் லா!"