பதினோரு பேரைத் தாண்டி வந்த பரிசோதகர்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் கைகால் சுகத்தோடும் தலைநிமிர்ந்தும் இருக்கிறோம். அங்கு நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விமான நிலையத்தில் பெட்டிமேல் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். இரவு விமானத்துக்கு மதியம் மூன்று மணிக்கே வந்து சேர்ந்துவிட்டோம். "இதையெல்லாம் போன்லயே சொல்லலாமே" என்றாள் உங்கள் அத்தை. போனில் சொன்னால் நீங்கள் நடுநடுவே பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள், வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் இருபத்தாறு என்று பட்டியல் போட்டு, அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து என்னிடம் கொடுத்தீர்கள். கொடுத்த கையோடு அடுக்களைக்குப் போய் என் மகளிடம், "மாமாவால மூணு நாள் தாக்குப்பிடிக்க முடியாது, பாரு. நாலாவது நாள் நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும்" என்று சொன்னீர்கள். அதற்கு அவளும், "அப்பாவுக்கு நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி என்ன தெரியும்?" என்றாள். காதுக் கருவிக்கு அன்று காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தேன். எனக்குக் கோபமில்லை. ஆனால் இன்று பத்தாவது நாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

உங்கள் பட்டியலைத் தினமும் காலையில் ஒரு தடவை படித்த பிறகுதான் அறைக்கதவைத் திறந்தேன். புதுக் காலணி போட்டுக்கொண்டு போகாதீர்கள், கால் கடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதன்படி பழைய காலணியே போட்டுக்கொண்டேன். முதல் நாள் அருங்காட்சியக வாசலில் அது முதலை மாதிரி வாயைப் பிளந்துவிட்டது. அருங்காட்சியகத்துக்கும் அன்று வார விடுமுறை. நான் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்ததைப் பார்த்த காவலாளி, எனக்கு ஏதோ கால் விளங்காமல் போயிற்று என்று பரிதாபப்பட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து உள்முற்றத்தில் உட்காரவைத்தார். அங்கே நாற்பது சிலைகள். கூட்டமில்லை, சத்தமில்லை, ஒன்றரை மணி நேரம் நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம். இதைத் தவறு என்று யாராவது சொல்ல முடியுமா? அடுத்து, விடுதியின் முகவரி அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். வரவேற்பு மேசையில் இருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டாம் நாள் டாக்சிக்காரரிடம் அதைக் காட்டியதும் அவர் சந்தேகத்தோடு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஊரையே வலம் வந்து ஒரு சலவைக் கடை வாசலில் இறக்கிவிட்டார். அட்டை அந்தக் கடையினுடையது. கடைக்கார அம்மாள் நாங்கள் துணி கொண்டுவந்திருக்கிறோம் என்று எண்ணி, உங்கள் அத்தையின் தோளிலிருந்த சால்வையை வாங்கித் துவைக்கப் போட்டுவிட்டார். ஈரம் காய்ந்த பிறகு அவரே பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். பின்கதவுக்கு எதிரே எங்கள் விடுதி. சால்வையில் மூன்று வருஷமாகப் போகாத மஞ்சள் கறை போய்விட்டது.

இவை எல்லாம் சில்லறை. இப்போது சொல்லப்போவதைத்தான் நீங்கள் நின்றுகொண்டு படிக்க வேண்டும்.

நேற்று முன்தினம் காலை பத்தரை மணிக்கு, ஆற்றங்கரைக்குப் போகும் டிராமில் ஏறினோம். ஏறினவுடன் சீட்டைக் கம்பியில் மாட்டியிருக்கும் முத்திரைப் பெட்டியில் செருகி முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் பட்டியலில் பதினெட்டாவது. போட்டுக்கொண்டேன். இரண்டு பெட்டியிலும் போட்டேன், சந்தேகத்துக்கு. எங்கள் எதிரே மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவளும் எங்களைப் போல வெளியூர்க்காரிதான், கையில் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் சாம்பல் நிறச் சட்டையும் தொப்பியும் மார்பில் அடையாள அட்டையுமாக ஒருவன் ஏறினான். "டிக்கெட்! டிக்கெட்!" என்று அதட்டிக்கொண்டே வந்தவன் நேராக அந்தப் பெண்ணிடம் போனான். சீட்டை வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "நோ குட். ஃபைன். பாஸ்போர்ட்!" என்றான். அவள் பயந்துபோய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுக்க, அவன் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். குழந்தை வீறிட்டது. அடுத்து என் பக்கம் திரும்பினான்.

மாப்பிள்ளை, நான் முப்பத்திரண்டு வருஷம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகன். இதை நீங்கள் பெண் பார்க்க வந்தபோது, "அப்படியா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டீர்கள். பரிசோதகன் என்றால் வண்டியில் ஏறியதும் முதலில் ஓட்டுநருக்கு முகத்தைக் காட்டுவான். பிறகு ஒரு முனையிலிருந்து வரிசையாக வருவான். முகத்தைப் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். இவனோ ஓட்டுநர் பக்கமே போகவில்லை. உள்ளூர் ஆட்கள் பதினோரு பேரை ஒருவர் விடாமல் தாண்டி, தண்ணீர் பாட்டிலும் வரைபடமும் வைத்திருந்த எங்களிடம் மட்டும் வந்திருக்கிறான். என் வயிற்றுக்குள் பழைய மணி அடித்தது.

சீட்டை நீட்டினேன். பார்க்காமலே, "நோ குட்" என்றான். "ரசீது புத்தகம் காட்டு" என்றேன் தமிழில். அவனுக்கு எப்படிப் புரிந்ததோ, ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து ஆட்டினான். எட்டிப் பறித்துப் புரட்டினேன். வரிசை எண் இல்லை! ஒரு தாளில்கூட இல்லை! கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையும் இல்லை! எண் இல்லாத ரசீதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம், என் கல்யாணத்தில் பந்திக்கு உப்பு மறந்தபோதுகூட வந்ததில்லை. இதற்குள் உங்கள் அத்தை என் விலாவில் இடித்து, "என்னங்க, சட்டையப் பாருங்க. பட்டன் ரெண்டு நிறம். அட்டையை ஊக்கு போட்டுக் குத்தியிருக்கான். சர்க்கார் யூனிபார்ம் இப்படி இருக்காது" என்றாள். இருபது வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவள் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவனும் நிலைமையைப் புரிந்துகொண்டான். அடுத்த நிறுத்தம் நெருங்க நெருங்க கதவுப் பக்கம் நழுவினான். அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் அவன் பையில். இறங்கிவிட்டால் அவள் குழந்தையோடு நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. என் கால் தானாகப் போய்ப் படியில் ஊன்றிக்கொண்டது, கை தானாகக் கம்பியைப் பிடித்தது. முப்பத்திரண்டு வருஷம் நின்ற நிலை. நின்றுகொண்டு, "டிரைவர்! கதவத் திறக்காதே! வண்டிய எடு!" என்று ஒரு குரல் கொடுத்தேன். ஓட்டுநருக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது? ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் எந்த ஊர் ஓட்டுநரும் வண்டியை எடுத்துவிடுவான். எடுத்துவிட்டார். நிறுத்தத்தில் நிற்காமலே டிராம் போனது. அவன் என்னைத் தள்ளப் பார்த்தான். உங்கள் அத்தை பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள் பாருங்கள், தையல் பிரிந்து காலர் தனியாக அவள் கையோடு வந்துவிட்டது. "ஒற்றைத் தையல்!" என்றாள் அருவருப்போடு. அதற்குள் அந்தப் பதினோரு பேரும் எழுந்து வந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

டிராம் நேராகப் பணிமனைக்குள் போய் நின்றது. நரைத்த தலையோடு ஓர் அம்மாள் வந்தார். அவர்தான் நிஜப் பரிசோதகர்களுக்குத் தலைவி. ஓட்டுநர் கையை வீசி வீசி நடந்ததைச் சொன்னார். அவன் பையிலிருந்து அந்தப் பெண்ணுடையதோடு சேர்த்து ஐந்து பாஸ்போர்ட் வெளியே வந்தது. நாலு மாதமாக இந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். காவலர்கள் அவனை அழைத்துப் போன பிறகு, தலைவியம்மாள் என்னிடம் கையை நீட்டினார். குலுக்கத்தான் நீட்டுகிறார் என்று நான் கையைக் கொடுக்க, அவர் தலையாட்டி மறுத்து, "டிக்கெட்" என்றார். அதுதான் பரிசோதகர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டைக் கொடுத்தேன். முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகுதான் கை குலுக்கினார்.

பணிமனையில் மேசை போட்டு, சூடாகக் குடிக்கக் கொடுத்து, ஓட்டுநர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேசச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். தமிழில் கால் மணி நேரம் பேசினேன். "போதும்ங்க, அவங்க வண்டி எடுக்கணும்" என்று உங்கள் அத்தை வேட்டியைப் பிடித்து இழுக்காவிட்டால் இன்னும் பேசியிருப்பேன். குழந்தைக்காரப் பெண் போகும்போது உங்கள் அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இரண்டு பேரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் வெகுநேரம் பேசினார்கள். எல்லாம் புரிந்தது என்கிறாள் இவள்.

ஆகவே, மாப்பிள்ளை, இருபத்தாறு தவறுகளில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். பட்டியலில் இருபத்தேழாவதாக, 'எண் இல்லாத ரசீதை வாங்காதீர்கள்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே என் பெயர் போட வேண்டாம், பதவியைப் போட்டால் போதும். என் மகளுக்கு இக்கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டவும். பேத்திக்கு எங்கள் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி, நினைத்தது நடந்து, நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
டிக்கெட் பரிசோதகர் (ஓய்வு)

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு சிறு தகவல். பெட்டியை முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் எங்கள் விமான டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்து, பிறகு மறுபடி டிக்கெட்டைப் பார்த்தாள். பதினான்காம் தேதி, பன்னிரண்டு இருபது என்று போட்டிருக்கிறது. இன்று பதினான்காம் தேதிதானே என்றேன். பதினான்காம் தேதி பிறந்து இருபது நிமிஷத்தில் விமானம் போய்விட்டதாம். அதாவது நேற்று ராத்திரி, நாங்கள் விடுதியில் பெட்டி கட்டிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது. முப்பத்திரண்டு வருஷம் ஊரார் டிக்கெட்டில் தேதி பார்த்தவன் நான். உங்கள் அத்தை பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த விமானத்தில் நாளைக்கே இடம் இருக்கிறது, இல்லையென்றால் நாலு நாள் கழித்து இருக்கிறது, எது வேண்டும் என்று கவுன்டர் பெண் விரலை நீட்டிக் காட்டிக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அத்தை எழுந்துபோய் நாலு விரலையும் நிமிர்த்திக் காட்டிவிட்டாள்.