வாசிக்க ஒரு வாய்ப்பு

இந்தச் சனிக்கிழமையோடு தன் தலையெழுத்தே மாறப்போகிறது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். எல்லாம் மனைவி சொன்ன ஒரு சொல்லால் வந்தது.

"சனிக்கிழமை காலையில பாப்பாவைக் கூட்டிக்கிட்டு லைப்ரரிக்குப் போங்க. நீங்க வாசிக்கணுமாம். பேர் குடுத்துட்டேன்."

"யாரு, நானா?"

"நீங்கதான். எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்பாங்களாம்."

"பாப்பா எதுக்கு?"

"சும்மா மடியில உக்காந்திருந்தா போதுமாம்."

தாளம் போட வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் வாசிக்கணும்?"

"அவங்க போதும்ங்கிற வரைக்கும்."

வீட்டில் அவர் புல்லாங்குழலை எடுத்தாலே மனைவி "ஊதாதீங்க" என்பாள். அடுப்பையும் பலூனையும் ஊதுவார்கள். குழலை வாசிப்பார்கள் என்று அவர் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறார். அப்படிப்பட்டவள் வாயால் இன்று 'வாசிக்கணும்'! நாலு பேர் காது கொடுத்துக் கேட்க ஒருமுறையாவது வாசித்துவிட வேண்டும். வேறு ஆசையே அவருக்குக் கிடையாது.

சனிக்கிழமை சலவைச் சட்டை, கையில் மகள், தோள்பையில் குழல். தரைவிரிப்பில் குழந்தைகளும் பெற்றோரும் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல கூட்டம். நூலகத்து அம்மாள் உதட்டில் விரல் வைத்து வரவேற்றாள்.

"மைக் இல்லீங்களா?" என்று கிசுகிசுத்தார்.

"எதுக்கு சார்? மெதுவா வாசிச்சாலே கேக்கும்."

"பக்கவாத்தியம்..."

அவள் காதில் பாதிதான் விழுந்தது. "பக்கமா? ரொம்ப இல்ல சார், இருபதுதான்."

இருபது பக்கவாத்தியமா! அவருக்கு வியர்த்துவிட்டது. ஒருத்தரையும் காணோமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஆனது ஆகட்டும் என்று மகளை மடியில் வைத்து உட்கார்ந்து, குழலை உருவி உதட்டில் வைத்தார். அந்த அம்மாள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"சார், இங்க இதெல்லாம் ஊதக் கூடாது!"

"வாசிக்கத்தானே கூப்பிட்டீங்க?"

"ஆமா. இதை." கையில் ஒரு படப் புத்தகத்தைத் திணித்தாள். செருப்பைத் தொலைத்த யானையின் கதை.

அவமானத்தில் காது சிவந்தது. எழுந்து ஓடலாம் என்றால் மடியில் மகள் அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. வாசித்தார். கடையில் கண் சோதிக்கும் பலகையைக் காட்டிக் காட்டிப் பழகிய மனிதர். மேல் வரியை ஓங்கிச் சொல்லி, கீழே போகப் போகக் குரலைச் சுருக்கினார். கடைசி வரியில் யானை எறும்பு மாதிரி அழுதது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு தடவை!" என்றார்கள். மகள், "எங்க அப்பா!" என்று ஊருக்கே அறிவித்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது, எதற்கென்றுதான் புரியவில்லை.

கைதட்டலில் மிதந்தபடியே, மகள் அடம்பிடித்து இரவல் வாங்கிய யானைப் புத்தகத்தோடு வீடு வந்தார். வாசலில்தான் கோபப்பட வேண்டுமே என்று ஞாபகம் வந்தது.

"தெரிஞ்சேதானே 'வாசிக்கணும்'னு சொன்னே? 'படிக்கணும்'னு சொல்றதுக்கு என்ன?"

"ரெண்டு தடவை அப்படித்தான் சொன்னேன். தலைவலின்னு படுத்துட்டீங்க."

"இனிமே நான் போகமாட்டேன். சனிக்கிழமை முழுக்க வீட்டுலயே உக்காந்து வாசிக்கப்போறேன். குழலைத்தான் சொல்றேன்!" வீறாப்பாகப் பைக்குள் கைவிட்டார். பை காலி.

"ஐயையோ! அந்த அம்மா கையிலயே விட்டுட்டு வந்துட்டேன்!"

"பதறாதீங்க. இப்பத்தான் போன் பண்ணாங்க. அலமாரியில வச்சுப் பூட்டியாச்சாம்."

"போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"தரமாட்டாங்க. அதை இரவல் குடுத்திருக்கோம்னு சொல்லிட்டேன்."

"லைப்ரரிக்கே இரவலா? எப்போ திருப்பித் தருவாங்களாம்?"

"பாப்பா தானா எழுத்துக்கூட்டி வாசிக்கிற அன்னிக்கு."

அவர் ஆவலோடு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் யானைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சத்தமாக, தப்பில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.