வெந்நீர் அண்டாவில் ஒரு சொற்பொழிவு

ஒரு காட்டில், மின்கம்பம் நட்ட பிறகும் எப்படியோ மிச்சமிருந்த ஒரு காட்டில், சடையப்பன் என்ற கரடி மைக் செட் வைத்துப் பிழைத்துவந்தது. கல்யாணமோ காதுகுத்தோ, குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மரமேறுவது சடையப்பன்தான். வருஷத்தின் பெரிய வேலை மார்கழியில் வரும் காட்டு விழா. போன விழாவில் சிங்கராஜா மேடையேறி "அன்பார்ந்த" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பழைய ஆம்ப்ளிஃபயர் குப்பென்று புகைந்துவிட்டது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அப்புறம் கழுதையோட செட்டுதான்" என்று ராஜா சொல்லிவிட்டது. கழுதை அன்றிலிருந்தே தொண்டையைச் செருமிக்கொண்டு திரிந்தது.

இந்த விழாவுக்கு முன்பே சடையப்பன் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்துவிட்டது. முகப்பில் வரிசையாகப் பச்சை விளக்குகள். சடையப்பனின் மனைவி செம்பாயி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தது.

"ஒரு பாட்டுப் போடுங்க. எப்படிப் பாடுதுன்னு கேப்போம்."

சடையப்பனுக்கும் அதே ஆசைதான். ஆனால் கூடவே வந்திருந்த மெக்கானிக் குரங்கு வேலாண்டி குறுக்கே வாலை நீட்டியது.

"பொறுங்கண்ணே. புது செட்டு புது மாடு மாதிரி. பழக்காம ஏர்ல பூட்டினா எப்ப உதைக்கும்னு சொல்ல முடியாது. முழு வால்யூம்ல விடாம ஓட்டிப் பாக்கணும். புகையறதா இருந்தா இங்கயே புகையட்டும், மேடையில வேணாம்."

"அப்ப குழாயை மாட்டட்டுமா?"

"மாட்டலாம். செட்டுல கோளாறு இருந்துச்சுன்னா குழாயும் சேந்து போயிரும். பரவாயில்லையா?"

சடையப்பன் எடுத்த ஒயரைக் கீழே வைத்துவிட்டது. தன் நாலு குழாய்களையும் அது துடைத்துத் துடைத்துத் துணி போர்த்தி வைத்திருந்தது. பெற்ற பிள்ளைகளுக்கே அந்தக் கவனிப்பு கிடையாது.

"குழாய் இல்லாமலே பழக்க முடியாதா, வேலாண்டி?"

"முடியும். ஆனா செட்டு தள்ளுற கரண்டை வாங்கிக்க ஏதாச்சும் வேணும். அண்ணி, தண்ணி காய வைக்கிற ஹீட்டர் ராடு இருக்கா?"

இருந்தது. செம்பாயி ஓர் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்தது. குழாய்க்குப் போகவேண்டிய ஒயரை வேலாண்டி ராடில் முடிந்து அண்டாவுக்குள் இறக்கியது. எதைப் போடுவது என்று பார்த்தால், பாட்டு உதவாது, அது நடுநடுவே மூச்சு விடும் என்றது குரங்கு. மூச்சே விடாமல் ஓடும் சத்தம் அந்தக் காட்டில் ஒன்றுதான் உண்டு. பழைய செட்டு புகைந்ததற்கு முந்தின வருஷம் சிங்கராஜா பேசிய விழாப் பேச்சு. யாரும் கேட்காததால் பென்டிரைவில் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

பச்சை விளக்குகள் எகிறிக் குதித்தன. காட்டில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் மட்டும் மெல்லச் சூடாகத் தொடங்கியது.

மார்கழிக் குளிர் அல்லவா? முதலில் முள்ளம்பன்றி வந்து ஒரு சொம்பு மொண்டு முட்டியில் ஊற்றிக்கொண்டு "ஆகா" என்றது. பிறகு ஆமை வந்தது. முயல் குடும்பத்தோடு வந்தது. சற்று நேரத்தில் ஆளுக்கொரு சொம்போடு வரிசை ஆலமரத்தைத் தாண்டிவிட்டது. செம்பாயி தண்ணீர் ஊற்றி மாளவில்லை.

"என்ன ஓடுது உள்ளே?" என்று ஆமை கேட்டது.

"ராஜா பேசறார்" என்றது சடையப்பன்.

"இத்தனை இதமாப் பேசுவாருன்னு தெரியாமப் போச்சே!"

அந்த நேரம் பார்த்துச் சிங்கராஜாவே செட்டைச் சோதிக்க வந்து நின்றது. சடையப்பன் ஓடிப்போய்க் கும்பிட்டது. ராஜாவின் பேச்சை அண்டாவில் போட்டு அவித்துக்கொண்டிருந்தால் எந்த ராஜா பொறுக்கும்? விழா வேலை போச்சு, கழுதை ஜெயித்துவிட்டது என்றே அது முடிவுகட்டிவிட்டது.

"என்ன போட்டிருக்கே?"

"உங்க பேச்சுதான் ராஜா. சத்தம் வராது. செட்டைப் பழக்குறோம். விழாவுக்குக் கட்டாயம் குழாயைக் கட்டிருவேன்."

ராஜா அண்டாவைப் பார்த்தது. வரிசையைப் பார்த்தது. கண்ணை மூடிச் சொக்கி நிற்கும் ஜனங்களைப் பார்த்தது. பார்க்கப் பார்க்க அதன் பிடரி சிலிர்த்தது.

"சடையப்பா, இந்தப் பேச்சை அன்னிக்கு நான் பேசினப்ப சத்தம் ஜோரா வந்துச்சு. கூட்டம்தான் வரல. இன்னிக்குக் கூட்டம் வந்திருக்கு. சத்தம் எதுக்கு?"

விழாவில் மேடைக்கு முன்னால் ஏழெட்டு அண்டாக்கள் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ராடு. ராஜா மைக்கைப் பிடித்துப் பேசியது, பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. ராஜா தண்ணீர் குடிக்க நிறுத்தினால், "நிறுத்தாதீங்க ராஜா, ஆறிப்போகுது!" என்று கூச்சல் எழுந்தது.

"கேக்குதா?" என்று கர்ஜித்தது ராஜா.

"சுடுது ராஜா, சுடுது!"

வரிசையின் கடைசியில் சொம்போடு கழுதையும் நின்றது.

கூட்டம் கலைந்ததும் சடையப்பன் பணிவாகப் போய்க் கேட்டது. "செட்டு நல்லாப் பழகிருச்சு ராஜா. அடுத்த கூட்டத்துக்குக் குழாயைக் கட்டட்டுமா?"

"செட்டும் பழகிருச்சு, ஜனங்களும் பழகிட்டாங்க. நீ புகுந்து கெடுத்துராதே" என்றது ராஜா. எல்லா வருஷமும் விழா சடையப்பனுக்குத்தான் என்று அங்கேயே வாக்கும் கொடுத்தது.

சடையப்பன் வீட்டுக்கு வந்து, துணி போர்த்திய நாலு குழாய்களின் பக்கத்தில் உட்கார்ந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் அதற்கு அழுகை அழுகையாக வந்தது.

"இன்னிக்காவது சொல்லுங்களேன், புது செட்டு எப்படிப் பாடுது?" என்று கேட்டது செம்பாயி.

சடையப்பன் எழுந்துபோய், விழாவிலிருந்து சூடு ஆறாமல் தூக்கிவந்த அண்டாவில் விரலை விட்டு, வெடுக்கென்று எடுத்தது.

"அருமையாப் பாடுது, செம்பாயி. கை வைக்க முடியல."

நீதி: தலைவர் பேச்சுக்குக் கூட்டம் சேர வேண்டுமானால் அதை யார் காதிலும் விடாதே, குளிக்கிற தண்ணீரில் விடு.