மாயன் நகரம் கண்ட டார்னெய்ட் கழகம்

உலகத்தின் தொலைந்துபோன நாகரிகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள், மெல்பேர்ணின் மேற்குக் கோடியில் உள்ள டார்னெய்ட்டுக்கு ஒரு நடை வந்து வரதராஜாவைச் சந்திக்கவேண்டும். அவர் ‘டார்னெய்ட் தமிழ் மூத்தோர் உலாக் கழக’த்தின் தலைவர். வேறு யாரும் நிற்காததால் ஏகமனதாகத் தெரிவானவர்.

மெக்சிகோவில் மாயன் மக்கள் கட்டி, பிறகு கைவிட்டுப்போன கல் நகரத்தைக் கழகம் ‘நேரடியாக ஆராய்வது’ என்ற தீர்மானம் அவருடைய வீட்டில்தான் நிறைவேறியது. யோசனை அவருடைய மனைவி சந்திரவதனாவுடையது. மானிப்பாயில் வரலாறு படிப்பித்த காலத்தில், அந்த நகரத்துப் படிக்கட்டுக் கோபுரத்தை அவர் கரும்பலகையில் கீறிக் காட்டாத வருடம் இல்லை. கண் மூடுவதற்குள் ஒருதரம் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதை அவர் சொன்னபோது கையில் வடைத் தட்டு இருந்தது. ஆகவே கூட்டக் குறிப்பில் ‘தலைவர் முன்மொழிந்தார், வடை பரிமாறப்பட்டது’ என்று பதிவானது.

அடுத்தடுத்த கூட்டங்களில் மாயன் நாகரிகம் பற்றி ஆழமான விவாதங்கள் நடந்தன. அங்கே சோறு கிடைக்குமா என்பது முதலாவது. அந்த நாட்டு மிளகாய் உறைக்குமா என்பது அடுத்தது. உலகத்துக்கே மிளகாயைக் கொடுத்த நாடு அது என்று சந்திரவதனா சொல்லிப் பார்த்தார். செயலாளர் சுகிர்தன் அதை ‘உறுதிப்படுத்தப்படாத தகவல்’ என்று ஒதுக்கினார். ஆகவே யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள், வறுத்த அரிசிமா, புட்டுப் பானை, ரைஸ் குக்கர் ஆகிய ‘ஆய்வுக் கருவிகள்’ பெட்டிகளில் ஏறின. மெக்சிகோ விமான நிலையத்தில் தூள் பையைத் திறந்து முகர்ந்த அதிகாரி, கண்ணீர் வழியக் கழகத்தை நாட்டுக்குள் அனுமதித்தார்.

மெரிடா நகரத்தில் குசினியோடு ஒரு வீடு எடுத்திருந்தார்கள். கழகம் ஜனநாயகமானது, ஆகவே சமையலுக்கு முறை வைத்தார்கள், பெண்களுக்குள். முதல் நாள் தலைவரின் மனைவி முன்மாதிரி காட்டவேண்டும் என்றார்கள், காட்டினார். இரண்டாம் நாள் சுகிர்தனின் மனைவி யோகாவின் முறை. முந்தின நாள் வெயிலில் கோபுரத்தைச் சுற்றி நடந்ததில் யோகாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அடுப்படியில் நிற்க முடியாத அளவுக்கு வீங்கியதே தவிர, மறுபடியும் கோபுரம் பார்க்கப் போக முடியாத அளவுக்கு வீங்கவில்லை.

அன்றைக்கும் சந்திரவதனாவே வீட்டில் நின்று புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொடுத்தார். தலைவர் புட்டுப் பார்சலை முன்னால் வைத்து, கோபுரம் பின்னால் தெரியப் படமெடுத்து அவருக்கு அனுப்பினார். சந்திரவதனா அவித்த புட்டு கோபுரத்தைப் பார்த்துவிட்டது. சந்திரவதனா பார்க்கவில்லை.

“இஞ்சேருங்கோ, நாளைக்குக் கடைசி நாள். நானும் வாறன்” என்றார் அன்று மாலை.

“நீர் வந்தால் ஆர் சமைக்கிறது? எங்கடை ஆக்களுக்கு அந்தச் சோளரொட்டி ஒத்துவராது. நான் எல்லாத்தையும் வீடியோ எடுத்துக்கொண்டு வாறன், ஆறுதலாய் இருந்து பாரும்.”

மறுநாள் காலை கழகம் அவசரமாகக் கூடி, கத்தரிக்காய்க் குழம்புக்கு ‘நன்றி நவிலும் தீர்மானம்’ ஒன்றைக் கைதட்டி நிறைவேற்றிவிட்டுப் புறப்பட்டது. இத்தகைய கௌரவம் எந்த வரலாற்று ஆசிரியைக்கும் கிடைத்ததில்லை. சந்திரவதனா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அன்று அவர் வெங்காயம் உரிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் ‘மாயன் நாகரிகம்: ஒரு நேரடி ஆய்வு’ என்ற தலைப்பில் தலைவர் உரையாற்றினார். சாப்பாடு உண்டு என்று அறிவித்திருந்ததால், மாயன் நாகரிகத்தின்மேல் ஆர்வம் கொண்டோர் மண்டபத்தை நிறைத்துவிட்டார்கள். திரையில் வந்த ஒவ்வொரு படத்திலும் தலைவர் இருந்தார். அவருடைய தோளுக்கு மேலால் கொஞ்சம் கோபுரமும் தெரிந்தது. சந்திரவதனா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். கழகத்தின் நிகழ்ச்சி ஒன்றில் அவர் உட்கார்ந்திருப்பதை அதுவரை யாரும் கண்டதில்லை.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் நஷ்வா கையை உயர்த்தினாள். “அங்கிள், இவ்வளவு பெரிய நகரத்தைக் கட்டிட்டு ஏன் விட்டுட்டுப் போனாங்க?”

தலைவர் தண்ணீர் குடித்தார். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றார். மறுபடியும் தண்ணீர் குடித்தார். சந்திரவதனா எழுந்து நின்றார்.

“முதல்லை சமைச்சவை வெளிக்கிட்டிருப்பினம், பிள்ளை. மற்றவை அதுக்குப் பிறகு கனநேரம் நிண்டிருக்கமாட்டினம்.”

மண்டபம் சிரித்தது. தலைவரும் பெருந்தன்மையோடு சிரித்தார்.

“இண்டைக்கு நான் சமைக்கேல்லை” என்றார் சந்திரவதனா. “மெக்சிகோவுக்கு ரிக்கற் எடுத்திட்டன். தனியத்தான் போறன். போட்டு வாறன்.”

அவர் வெளியேறியபோது தலைவரிடம் இன்னும் பாதிப் படங்கள் மீதி இருந்தன. ஆனால் பின்னால் சாப்பாட்டு மேசை வெறுமையாகக் கிடக்கும் செய்தி முன்வரிசைக்கு வந்து சேர்வதற்குள், மண்டபத்தில் அவரும் செயலாளரும்தான் மிஞ்சினார்கள். பிறகு செயலாளரும் போய்விட்டார். கழகத்தின் ‘நேரடி ஆய்வு’ அன்றுதான் முழுமை பெற்றது: ஒரு மாபெரும் நாகரிகம் எப்படி அழிகிறது என்பதை, அதை அழித்தவரே மேடையில் நின்று கண்ணாரக் கண்டார்.