ஏழு ஊருக்கும் ஒரே ‘நம்ம ஊரு’

இரண்டு விரல்கள் குமிழைத் திருகுகின்றன; மூன்றாவது விரல் பதிவான குரலிலிருந்து ஒரு பெருமூச்சைப் பிடித்து வெட்டி எறிகிறது. இப்போது அந்தக் குரலில் அலுப்பே இல்லை. வாசகரே, ‘நம்ம ஊர்க்காரர்’ என்னும் இனம் இதுதான். தனியார் வானொலியில் செழித்து வளரும்.

முன்பு ஒரு விதி இருந்தது: எந்த ஊருக்குப் பேசுகிறாயோ, அந்த ஊரில் உட்கார்ந்து பேசு. விதியைத் தளர்த்தினால் போட்டி பெருகும், சேவை மேம்படும், நேயர்கள் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். தளர்த்தினார்கள். ஏழு ஊர் நிலையங்களையும் ஒரே முதலாளி வாங்கி, ஆறு அறிவிப்பாளர்களுக்குப் பூச்செண்டு கொடுத்து அனுப்பிவைக்க, மிஞ்சிய நம்மவர் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, கால் வைத்தறியாத தெருக்களின் நெரிசலுக்காக வருந்தி, காலை பத்து மணிக்கே மறுநாளைய ‘இனிய மாலை வணக்க’த்தைச் சொல்லி முடித்துவிடுகிறார். நேயர்கள் எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும் அவரையே தேர்ந்தெடுக்கலாம்.

“நம்ம ஊர்ல வெயில் சும்மா பளபளன்னு அடிக்குது!”

எந்த ஊரில்? அவருக்கே தெரியாது.

நான்காவது ஊரில் அவருடைய அக்கா சலவைக்கடை வைத்திருக்கிறார். ஒருநாள் போன் வந்தது.

“டேய், நம்ம ஊர்க்காரரே! உள்ரூம்ல இஸ்திரி போடுற எனக்கு ஜன்னலே உன் ரேடியோதான். வெயிலுன்னியே, விடுதிக்காரங்க போர்வை அறுபதும் மாடியில நனைஞ்சுடுச்சு!”

“அது நேத்து பதிவு பண்ணது, அக்கா.”

“வெயிலைக்கூடவா ஸ்டாக் வெச்சிருக்கே? நாளைக்கும் நனைஞ்சா வேற கடைக்குப் போயிடுவாங்களாம்.”

மறுநாள் நம்மவர் வானிலை அலுவலகத்துக்கே போன் போட்டு விசாரித்தார். பல வருடங்களில் முதல்முறை! நான்காவது ஊரில் மூன்று மணிக்கு மழை. மூன்று தடவை பேசிப் பார்த்து, மூச்சைக்கூட வெட்டாமல் பதிவு செய்தார்: “நம்ம ஊர்ல மழை வரப்போகுது. மாடியில துணி இருந்தா இப்பவே எடுத்துடுங்க.” பிறகு, உடனே ஒலிபரப்பாகும்படி அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

பழக்கதோஷம். ஏழு ஊருக்கும் போய்விட்டது.

அக்காவின் போர்வைகள் தப்பின. மற்ற ஆறு ஊர்களிலும் மண்டையைப் பிளக்கும் வெயிலில், ஈரத்துணியை வாரிக்கொண்டு ஜனங்கள் மாடியிறங்கி ஓடினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. சொன்னது நம்ம ஊர்க்காரர் அல்லவா?

சிரிக்காதீர்கள். ‘உங்களை மட்டும் நினைத்து’ என்று இன்று காலை எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பினீர்களே, வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் வந்து சேர்ந்ததாம்.