பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய ஜாக்கிரதை ஐயா

இலங்கையின் ஊவா மாகாணத்தில் எந்த மலை சரிவதாக இருந்தாலும், அதற்கு முந்தின நாளே கவலைப்பட்டு முடித்திருக்கக்கூடிய ஒரே மனிதர் ஜாக்கிரதை ஐயாதான். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் பெரிய கிளாக்கர். எழுபதுகளின் தொடக்கத்தில், பதுளையில் நாங்கள் தங்கிப் படித்த பெண்கள் விடுதிக்கு, மாதம் ஒரு ஞாயிறு மகள் சரோஜினியைப் பார்க்க வருவார். எதைப் பேசினாலும் "ஜாக்கிரதை" என்றுதான் முடிப்பார். பெயர் நாங்கள் வைத்தது. சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தை விட்டுப் போனபோது தங்கள் பழக்கவழக்கங்களை மொத்தமாக இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கவேண்டும். வெயிலோ மழையோ கோட்டு, டை, தொப்பி. மகளைத் தொட்டுப் பேசமாட்டார். பார்வையாளர் அறையில் தொப்பியை மார்போடு அணைத்தபடி நிற்பார். எதிரே அவளும் நிற்பாள். வீட்டுச் சமாச்சாரம் ரேடியோச் செய்தி மாதிரி வரும்.

"அம்மாவுக்கு இருமல் தேவலை. தம்பிக்கு முன்பல்லு விழுந்துருச்சு. முழுங்கிட்டானோன்னு ராத்திரி பூரா யாரும் தூங்கல. காலையில பார்த்தா ரொட்டிக்குள்ள இருக்கு. போன கிழமை குடும்பத்தோட பண்டாரவளைக்கு உல்லாசப் பயணம் போனோம்."

"பண்டாரவளை எப்படிங்கப்பா இருந்துச்சு?"

"தெரியாது. பஸ் பிரேக்குல ஒரு சத்தம் கேட்டுச்சு. பசறையிலயே எறங்கி டீ குடிச்சிட்டு வந்துட்டோம். ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. நீ ஜாக்கிரதை."

ஜன்னலுக்கு வெளியே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிறு, மகளைத் துன்ஹிந்த அருவிக்குக் கூட்டிப்போக விடுதி மேட்ரனிடம் அனுமதி கேட்டார். பிள்ளை ஒன்றையும் பார்க்காமல் வளர்கிறதே என்று வீட்டில் அம்மா சண்டை போட்டாளாம். துணைக்கு நானும் போனேன். என் அப்பாவுக்கு மொனராகலையில் கடை. ஞாயிறுதான் அவருக்கு வியாபாரம்; என்னைப் பார்க்க வந்ததில்லை.

அருவிக்குப் போகும் பாதையில் ஒவ்வொரு கல்லையும் குடையால் தட்டிப் பார்த்த பிறகே எங்களை மிதிக்க விட்டார். அட்டை கடிக்காமலிருக்க எங்கள் கால்களில் சவுக்காரச் சோப்பு பூசச் சொன்னவர் தன் காலை மறந்துவிட்டார். அட்டைகள் மறக்கவில்லை. அருவிக்கு எதிரே வந்ததும், அதற்கு முதுகைக் காட்டி, கையிரண்டையும் விரித்து, நாங்கள் விழுந்துவிடாதபடி காவல் நின்றார்.

"கொஞ்சம் திரும்பிப் பாருங்கப்பா."

"சத்தம் கேக்குது. அது போதும்."

ரோட்டுக்குத் திரும்பியபோது தூறல். வந்த பஸ்ஸில் தொங்குவதற்குக்கூட இடமில்லை. ஏறியவர்கள் சரோஜினியையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டார்கள். நான் படியில் கால் வைப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

பிறகு நான் கண்டதை விடுதியில் ஒருத்தியும் நம்பவில்லை. ஜாக்கிரதை ஐயா ஓடினார். கோட்டு பறந்தது. தொப்பி சேற்றில் விழுந்தது. "குட்டிம்மா, குட்டிம்மா" என்று கத்திக்கொண்டே ஓடினார். அப்படி ஒரு பெயர் சரோஜினிக்கு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். சிரிப்பு வந்தது. வளைவில் அவர் நின்று திரும்பியபோது முகத்தைப் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஒரு மரக்கறி லொறி ஏற்றிக்கொண்டது. கோவா, கரட் மூட்டைகளின் மேல், மழைக்குப் போட்ட தார்ப்பாய்ப் படங்குக்கு அடியில், இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"கண்டக்டர் நல்ல ஆளா இருப்பானா?"

"இருப்பாருங்க ஐயா."

"ஒனக்கு அவனைத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

 பிறகு, "மத்தியானம்கூட அவ சரியா சாப்பிடல," என்றார்.

விடுதிக்கு அவள் வந்திருக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு ஓடினோம். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் அரைகுறைத் தமிழில், "அந்தப் புள்ள அழுதுது. அடுத்த ஹோல்ட்ல எறங்கினது," என்றார். படங்குக்குள் இருந்த நாங்கள் வழியில் அவளைக் கடந்தே வந்திருக்கிறோம்.

வாடகைக் கார் பிடித்தார். பிரேக் சத்தத்துக்கே பயந்த மனிதர் டிரைவரின் தோளைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் வேகமா போகலாமே," என்றார்.

"வளைவு வருதுங்க ஐயா."

"தெரியுது. போங்க."

அருவிப் பாதை தொடங்கும் இடத்துத் தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தாள் சரோஜினி. ஐயா இறங்கிப் போய் அவள் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றக் கை தலைக்குப் போனது. அங்கே தொப்பி இல்லை.

"மழையிலயா நடந்து வந்த?"

"ஆமாங்கப்பா. தவறிப் பிரிஞ்சுட்டா, விட்ட எடத்துக்கே வந்து நிக்கணும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்," என்றார். "நான்தான் நிக்கல."

கைக்குட்டையை எடுத்து அவள் தலையைத் துவட்டத் தொடங்கினார். பழக்கமில்லாத கை, பின்னல் முழுக்க அவிழ்ந்துபோனது. அவள் அசையாமல் நின்றாள்.

திரும்பும்போது காரில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கையில் அவள் மணிக்கட்டு, மறு கையில் என்னுடையது. கார் விடுதி வாசலில் நின்றது. மேட்ரன் குடையோடு வெளியே வந்தார். அப்போதும் ஐயா எங்கள் கைகளை விடவில்லை. எனக்குக் கை வலித்தது. விடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.