பூச்செடி ஓஸும் பதினாறு படகுகளும்

எந்தப் பொருளை வாங்குவதானாலும் குறைந்தது மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற வேண்டும். கேட்ட தரத்தில் பொருள் இருக்குமானால், குறைந்த விலை சொன்னவரிடமே வாங்க வேண்டும். அரசு கொள்முதல் விதியின் சாரம் இவ்வளவுதான். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தின் சாமான் கிடங்கில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டிய நான், இதை உறக்கத்திலும் ஒப்பிப்பேன். (ஒப்பித்திருக்கிறேன். மனைவி பிலோமினா சாட்சி.) விதியின் நடுவே ‘கேட்ட தரத்தில்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவற்றைத் தாண்டிக் குதித்தேன். குதித்த இடம் ஈரமாக இருந்தது.

என் மகன் குவைத்தில் இருக்கிறான். மருமகள் ஸ்டெல்லா இங்கே எங்களோடு. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் மெஷின் ஒன்றை வாங்கி, கார், மொட்டை மாடி, காம்பவுண்டுச் சுவர் என்று கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கண் முழுக்கப் பக்கத்து மீனவ ஊரான கோட்டுச்சேரிமேட்டின் படகுகள் மேல். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பாசியும் சிப்பியும் போகக் கழுவுவார்கள். யார் கழுவுவது என்று ஊர்ப் பஞ்சாயத்து ஒரே ஆளுக்குச் சொல்லிவிடும். மொத்தம் பதினாறு படகு. முதலில் தலைவர் படகைக் கழுவிக் காட்டு, அப்புறம் பேசலாம் என்றிருந்தார்கள். அந்தத் தடைக்காலத்துக்குள் பெரிய வேலை எதுவும் பிடிபடாவிட்டால் மெஷினை விற்றுவிடுவதென்று மகனும் அவளும் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

மெஷின் இருந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் ஓஸ்தான் இத்துப்போயிருந்தது.

“ட்ரம்முலேருந்து உறிஞ்சி எடுக்கிற வேலை மாமா. உள்ள கம்பிச்சுருள் வச்ச ஓஸ்தான் அமுங்காது. குழாயில மாட்டுறதுக்கு நூல் பின்னுன கனமான ஓஸ் ஒண்ணு. ரெண்டையும் பாய் கடையில பாத்து வச்சிட்டேன். போயி எடுத்துட்டு வந்துடறேன்.”

“ஒரே கடையிலயா? நாளைக்குத் தணிக்கையில கேட்டா என்னம்மா சொல்லுவ?”

“எந்தத் தணிக்கை மாமா?”

நியாயமான கேள்விதான். ஆனால் ஓய்வு பெற்று நான்கு வருஷமாக ஒரு கோப்பைக்கூடத் தொடாத கை. “நீ மத்த வேலையப் பாரும்மா, இத நான் முடிக்கிறேன்” என்றேன். பாவம், நம்பினாள்.

மூன்று கடைகளுக்குக் கடிதம் எழுதினேன். பொருளின் விவரம் எழுத வேண்டுமே? புதிதாக எழுதுகிறவன் முட்டாள்; முன்மாதிரியைப் பார்த்து எழுதுகிறவன்தான் அலுவலர் என்பது எங்கள் கிடங்கின் வேதம். வீட்டுப் பீரோவில் பழைய நகல் ஒன்று கிடைத்தது. ஓஸ், முப்பது மீட்டர், பச்சை நிறம், சுருட்டி வைக்கத் தக்கது. அப்படியே எழுதினேன். அலுவலக வாசலில் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வாங்கிய ஓஸின் விவரம் அது. குறுக்களவு இல்லை, அழுத்தம் தாங்குமா என்ற கேள்வி இல்லை. நிறம் மட்டும் இருந்தது.

பாய் போன் செய்தார். “சார், இது செடிக்கு ஊத்துறதாச்சே? மருமவ வேறல்ல பாத்துட்டுப் போச்சு?”

“பாய், கேட்டதுக்கு மட்டும் வெலையப் போடுங்க.”

“இன்ஷா அல்லா, போடுறேன். அதுக்கு எதுக்கு சார் லெட்டரு?”

மூன்றாவது கடைக்காரர் பதிலே அனுப்பவில்லை. மூன்று கைக்கு வராமல் உறையைப் பிரிக்கக் கூடாது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். தலைவர் ஸ்டெல்லாவை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கடைசியில் நானே மூன்றாவது கடைக்குப் போய், காகிதமும் பேனாவும் கொடுத்து, எழுதி வாங்கி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுக்கு வந்து பிரித்தேன். (சிரிக்காதீர்கள். நடைமுறை.) குறைந்த விலை அவருடையதுதான். ஓஸ் வந்தது. பச்சை. கேட்டபடியே.

“மாமா, இது...” என்று ஆரம்பித்தாள் ஸ்டெல்லா.

“நாளைக்குக் காலையில வேலை. இனிமே மாத்த முடியாது” என்றேன்.

கோட்டுச்சேரிமேட்டில் தலைவர் வெள்ளை வேட்டியில் நின்றார். சுற்றிலும் பஞ்சாயத்தார். மீன் விற்கும் அஞ்சலை கூடையோடு வேடிக்கை பார்த்தாள். ட்ரம்மில் ஓஸை விட்டு மெஷினைப் போட்டாள் ஸ்டெல்லா. அது உறிஞ்சிய உறிஞ்சில் முப்பது மீட்டரும் தட்டையாக ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வராத மெஷின் கத்தியது.

“எலே, சாரு ஓஸு வாளக் கருவாடாயிட்டு!” என்றாள் அஞ்சலை.

நான் அசரவில்லை. ஏலக் கொட்டகையில் மோட்டார் வைத்த குழாய் இருந்தது. அதில் மாட்டச் சொன்னேன். தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தது, ஸ்டெல்லா கையிலிருந்த மெஷின் துப்பாக்கி பீய்ச்சியது, பாசி பெயர்ந்தது. தலைவர் தலையாட்டினார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பொருளைப் பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறதே.

“கொஞ்சம் நிறுத்தும்மா. தலைவரே, இப்படி வாங்க. பாருங்க, எங்கயாவது ஒழுகுதா?”

“மாமா, துப்பாக்கி விசைய விட்டா தண்ணி போக வழியில்ல. வேணாம்!”

“விடும்மா.”

விட்டாள். மோட்டார் தள்ளிக்கொண்டே இருந்தது. வெயிலில் இளகியிருந்த ஓஸ் எங்கள் இருவர் முகத்துக்கும் நேராகப் பூசணிப்பிஞ்சு போல உப்பியது. தலைவர் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். வெடித்தது. அறுந்த முனை துள்ளித் துள்ளிப் பஞ்சாயத்தார் ஒருவர் பாக்கியில்லாமல் நனைத்தது. வேட்டி காலோடு ஒட்ட, கண்ணாடியைத் துடைத்தபடி தலைவர் கேட்டார்:

“படகக் கழுவச் சொன்னா எங்களக் கழுவிட்டீங்களே சார்?”

வீடு வரும் வழியெல்லாம் ஸ்டெல்லா வெடித்த ஓஸைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். மறுநாள் பாய் கடைக்குப் போய் அரை மணி நேரத்தில் இரண்டு ஓஸும் வாங்கி வந்தாள். கழுவுவதற்கு ஊரில் ஒன்றுமில்லாமல், எங்கள் மொட்டை மாடியையே தினமும் கழுவினாள். மகன் போனில், “மெஷினுக்கு ஆள் பாக்கட்டுமா?” என்று கேட்பது கூடத்தில் எனக்குக் கேட்டது.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பஞ்சாயத்துக்கு இரண்டு பக்க விளக்கக் கடிதம். தவறு முழுவதும் என்னுடையது, மருமகள் ஆட்சேபித்தாள், விலை ஒப்பீட்டுப் பட்டியல் இணைப்பு. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். “உக்காருங்க, கால் தேஞ்சிடும்” என்றாள் பிலோமினா.

இது நடந்து இரண்டு தடைக்காலம் போய்விட்டது. இன்றும் நான் கொத்தமல்லி வாங்கக் கிளம்பினால், “மூணு கொட்டேஷன் வாங்கிட்டீங்களா மாமா?” என்கிறாள் ஸ்டெல்லா. காய்ச்சலில் படுத்தால், “மாமா ஓஸு மாதிரி கெடக்காரு” என்று குவைத்துக்குச் செய்தி போகிறது. சொல்லட்டும். சொல்கிற தெம்பு அவளுக்கு வந்தது அஞ்சலை கொண்டுவந்த பதிலால்தான்.

அன்று அவள் மீன் கூடைக்குள்ளிருந்து எடுத்து நீட்டியது, மடித்த காகிதம். என் கடிதமேதான், அதன் முதுகில் நீலப் பேனாவில்: “மருமவளை ஓஸோட அனுப்பவும். பதினாறு படகும் பாக்கட்டும். ஓஸ் அந்தப் புள்ள வாங்கினதா இருக்கணும். சார் வர வேண்டாம்.”

‘பொருள்:’ இல்லை, ‘பார்வை:’ இல்லை, கையெழுத்துகூட இல்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு ஐயத்துக்கிடமற்ற ஆணையை நான் கண்டதில்லை. கத்தி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவள் மாடியிலிருந்து ஓடிவருவதற்குள், பழைய பழக்கம், கை தானாகக் காகிதத்தின் மூலையில் குறித்தது: பெறப்பட்டது, மே 23.